576, 288, 144: 3ஜிபி பிறந்த கதை

யூடியூபில் படத்தின் தரத்தைக் குறைக்கும் பட்டியலைத் திறந்தால் ஆகக் கீழே நிற்பது 144பி. சிக்னல் ஒற்றைக் கோடாக இளைத்துப்போன நேரத்தில் விரல் அங்கே போகும். 100 என்றோ 150 என்றோ வைக்காமல் ஏன் 144 என்று வைத்தார்கள்? பல வருடம் இதை நான் யோசித்ததே இல்லை. ஒரு பழைய மெமரி கார்டுதான் யோசிக்க வைத்தது.

பீரோவின் அடித்தட்டில், நகைக்கடை டப்பா ஒன்றில் பஞ்சு சுற்றி வைத்திருந்தது அந்தக் கார்டு. உள்ளே இரண்டு கோப்புகள், இரண்டும் 3ஜிபி வகை. ஒன்று ஐந்து நிமிடச் சினிமாப் பாட்டு. மற்றது எங்கள் அப்பத்தா, ஒன்பது வினாடி. பாட்டைப் போட்டேன். குழு நடனம் கட்டம் கட்டமாகச் சிதறியது. தவில் சத்தம் தகரத்தைத் தட்டுவதுபோல் வந்தது. அப்பத்தாவைப் போட்டேன். முகம் முகமாகவே இருந்தது. குரல் பக்கத்து அறையிலிருந்து கேட்பதுபோல் தெளிவாக இருந்தது. இரண்டுக்கும் அளவு ஒன்று, 176-க்கு 144 புள்ளி. வகையும் ஒன்று. ஒன்று பிழைத்தது, ஒன்று சிதைந்தது.

காரணத்தைத் தேடிப்போனால் கதை செல்போனுக்கு வெகுகாலம் முந்திப் போகிறது. சினிமா பார்ப்பதற்கென்று உண்டான கோப்பாகத்தான் 3ஜிபியை நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். அது தொலைபேசி வீட்டில் பிறந்த பிள்ளை.

1984-இல் சிசிஐடிடி என்ற பன்னாட்டுத் தொலைபேசி அமைப்பு, முகம் பார்த்துப் பேசும் தொலைபேசிக்கு ஒரு பொதுவிதி எழுத வல்லுநர் குழு ஒன்றைக் கூட்டியது. குழுவுக்குத் தலைவர் ஜப்பானின் என்டிடி நிறுவனத்தைச் சேர்ந்த சகாயே ஓகுபோ. முதல் சிக்கல் தொலைக்காட்சியிலிருந்து வந்தது. ஐரோப்பாவில் டிவி படம் 625 வரி. அதில் கண்ணுக்குத் தெரிவது 576. வினாடிக்கு 25 படம். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் 525 வரி, வினாடிக்கு ஏறத்தாழ 30 படம். பாரிஸில் இருப்பவரும் டோக்கியோவில் இருப்பவரும் முகம் பார்த்துப் பேச வேண்டுமானால் யாருடைய கணக்கில் படம் போவது?

அவர்கள் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. வரிக் கணக்கை ஐரோப்பாவிடமிருந்து எடுத்தார்கள்: 576-இல் பாதி 288. வேகத்தை மற்ற பக்கத்திலிருந்து எடுத்தார்கள்: வினாடிக்கு 30. ஒரு தரப்பு வரியை மாற்றிக்கொள்ளும், மறு தரப்பு வேகத்தை மாற்றிக்கொள்ளும். யாருக்கும் முழுச் சுமை இல்லை, யாருக்கும் முழு விலக்கும் இல்லை. 352-க்கு 288 என்ற அந்த அளவுக்குப் பொது இடைநிலை வடிவம் என்று பெயர். அதன் கால்பங்கு 176-க்கு 144. அதை க்யூசிஐஎஃப் என்றார்கள். யூடியூப் பட்டியலின் அடியில் நிற்கும் 144 இங்கிருந்து வந்தது. ஐரோப்பிய டிவியின் 576 வரியை இரண்டு முறை பாதியாக மடித்தால் மிஞ்சுவது அது. கன்வெர்ட் செய்வது என்பதைக் கோப்பு பிறந்தபின் நாம் படும் பாடு என்று நினைக்கிறோம். இந்த அளவு பிறந்ததே இரு தரப்பும் கன்வெர்ட் செய்துகொள்வோம் என்ற சம்மதத்தில்.

அகலத்துக்கு 176 என்று வைத்ததற்கும் கணக்கு உண்டு. படத்தை 16-க்கு 16 புள்ளிச் சதுரங்களாக வெட்டித்தான் சுருக்க வேண்டும். 176-ஐ 16-ஆல் வகுத்தால் 11. 144-ஐ வகுத்தால் 9. மொத்தம் 99 சதுரம், மிச்சம் மீதி இல்லை. அப்பத்தாவின் முகம் அந்த 99 சதுரத்துக்குள்தான் அடங்கியிருக்கிறது.

அடுத்தது பாதையின் அகலம். ஒரு தொலைபேசிக் குரலை எண்ணாக மாற்ற வினாடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட்டில் எழுதினார்கள். பெருக்கினால் 64,000. அதாவது ஒரு ஆளின் பேச்சு போகும் அகலம் 64 கிலோபிட். டிஜிட்டல் தொலைபேசி வலையமைப்பு முழுவதும் இந்த 64-ஐ அலகாக வைத்துத்தான் கட்டப்பட்டது. அப்படியானால் படமும் 64-இன் மடங்கில்தான் போக வேண்டும்: ஒரு மடங்கு முதல் 30 மடங்கு வரை. எச்.261 என்ற அந்த விதி 1988-இல் ஏற்கப்பட்டு 1990-இல் முழுமை பெற்றது.

64 கிலோபிட்டில் ஒரு படத்தை ஓட்டுவது எவ்வளவு பெரிய காரியம் என்பதைக் கணக்கு போட்டுப் பார்த்தால்தான் உறைக்கும். 176-க்கு 144 என்றால் 25,344 புள்ளி. நிறத்தையும் சேர்த்தால் ஒரு படத்துக்கு 38,016 பைட். வினாடிக்கு 15 படம் என்று குறைத்து வைத்தாலும் 45 லட்சம் பிட்டுக்கு மேல். போகிற வழியோ 64,000 பிட். எழுபதில் ஒரு பங்காக அதை வற்றவைக்க வேண்டும், ஆனால் பார்ப்பவருக்கு முகம் அடையாளம் தெரிய வேண்டும்.

வற்றவைக்கும் அந்த வித்தையைத் தந்தவர் பெங்களூரில் 1940-இல் பிறந்த நசீர் அகமது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தார். 1972-இல் ஒரு யோசனையை எழுதி அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் ஆராய்ச்சிப் பணம் கேட்டார். கிடைக்கவில்லை. யோசனை ரொம்பவும் எளிமையாக இருக்கிறது என்ற பொருளில் மதிப்பீட்டாளர் ஒருவர் எழுதியிருந்ததை அவரே பின்னாளில் பதிவு செய்திருக்கிறார். பணம் இல்லாமலே அவர் வேலையைத் தொடர்ந்தார். தன்னிடம் முனைவர் பட்டத்துக்குப் படித்த டி. நடராஜனையும் டெக்சாஸில் இருந்த கே. ஆர். ராவையும் சேர்த்துக்கொண்டு 1974 ஜனவரியில் நான்கு பக்கக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். தனித்த கொசைன் உருமாற்றம் என்பது அதன் பொருள். மூன்று இந்தியப் பெயர்கள், நான்கு பக்கம். இன்று உங்கள் செல்போனில் இருக்கும் ஜேபெக் புகைப்படமும், கல்யாண விசிடியும், யூடியூப் படமும் ஏதோ ஒரு வகையில் அந்த நான்கு பக்கத்துக்குக் கடன்பட்டவை. பள்ளிப் பாடப் புத்தகத்தில் இந்தப் பெயர்கள் வர வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

வித்தை இதுதான். அந்த 16-க்கு 16 சதுரத்தை இன்னும் நறுக்கினால் கிடைக்கும் 8-க்கு 8 புள்ளிச் சதுரத்தில் 64 எண்கள் இருக்கும். அவற்றை அப்படியே எழுதாமல், 64 அச்சுகளின் கலவையாக மாற்றி எழுதுவது. முதல் அச்சு சதுரம் முழுவதற்குமான சராசரி வெளிச்சம். அடுத்தவை மெதுவாக ஏறி இறங்கும் வெளிச்சம். கடைசி அச்சுகள் நுண்ணிய கோடுகள். ஒரு சுண்ணாம்புச் சுவரின் துண்டை எடுத்தால் முதல் இரண்டு மூன்று அச்சிலேயே சுவர் முழுதும் வந்துவிடும். மிச்ச இடமெல்லாம் சுழி. நுண்ணிய கோடுகளில் கொஞ்சம் குறைந்தாலும் கண் கண்டுகொள்ளாது. அதனால் அவற்றையும் சுழியாக்கிவிடலாம். சுழிகளை எழுத ஏறக்குறைய இடமே வேண்டாம். மீதிச் சேமிப்பு அசைவில் கிடைக்கிறது: போன படத்தில் இருந்த சதுரம் இந்தப் படத்தில் இரண்டு புள்ளி இடப்பக்கம் நகர்ந்திருக்கிறது என்று சொன்னால் போதும், சதுரத்தையே மறுபடி அனுப்ப வேண்டியதில்லை.

1996-இல் எச்.261-இன் அடுத்த தலைமுறை வந்தது, எச்.263. 64 கிலோபிட்கூட இல்லாத சாதாரண வீட்டுத் தொலைபேசிக் கம்பியில், மோடம் வைத்து, முகம் பார்த்துப் பேசுவதற்காக எழுதப்பட்டது. இங்கேதான் என் அப்பத்தா பிழைத்த இரகசியம் இருக்கிறது. இந்த முறைகளைத் தீட்டிப் பார்க்க உலகெங்கும் ஆய்வுக்கூடங்கள் ஒரே சில சோதனைப் படங்களை வைத்திருந்தன. அகியோ என்பதில் ஒரு பெண் செய்தி வாசிக்கிறார். கார்ஃபோன் என்பதில் ஓடும் காரில் ஒருவர் பேசிக்கொண்டு போகிறார். ஃபோர்மேன் என்பதில் தலைக்கவசம் போட்ட மேஸ்திரி கேமராவைப் பார்த்துப் பேசுகிறார். மிஸ் அமெரிக்கா, கிளேர் என்று இன்னும் சில. எல்லாம் முகங்கள், தோள் வரை தெரியும் முகங்கள். பின்னணி பெரும்பாலும் அசையாது. வாயும் கண்ணும் அசையும். வருடக்கணக்காகப் பெரும்பாலும் முகங்களையே பார்த்துத் தேறிய முறை, ஒரு கிழவியின் முகத்தைக் கைவிடுமா?

செல்போன் உள்ளே வருவது இதற்குப் பிறகுதான். 1998 டிசம்பரில் ஐரோப்பா, ஜப்பான், கொரியா, அமெரிக்கா ஆகியவற்றின் தொலைத்தொடர்பு அமைப்புகள் சேர்ந்து மூன்றாம் தலைமுறைச் செல்பேசிக்கு விதி எழுத 3ஜிபிபி என்ற கூட்டமைப்பை உண்டாக்கின. அதன் அலுவலகம் பிரான்ஸின் தென்கோடியில், சோபியா ஆன்டிபொலிஸில். புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க அவர்கள் உட்காரவில்லை. ஏற்கெனவே இருந்தவற்றில் மெலிந்தவற்றைப் பொறுக்கினார்கள். படத்துக்கு எச்.263, அதிலும் கட்டாயமானது ஆக எளிய படி, 176-க்கு 144, வினாடிக்கு 15 படம், 64 கிலோபிட். ஒலிக்கு ஏஎம்ஆர். உறைக்கு ஆப்பிளின் குயிக்டைம் வழி வந்த அமைப்பு.

உறை என்று சொன்னதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 3ஜிபி என்பது படத்தைச் சுருக்கும் முறையின் பெயர் அல்ல. சுருக்கிய படத்தையும் ஒலியையும் அடுக்கிவைக்கும் டப்பாவின் பெயர். ஆப்பிள் 1991-இல் குயிக்டைமை வெளியிட்டபோது அதன் கோப்பு பெட்டிக்குள் பெட்டியாக அமைந்திருந்தது. ஒவ்வொரு பெட்டியின் மேலும் அதன் நீளமும் நாலெழுத்துப் பெயரும் எழுதியிருக்கும். பெயர் தெரியாத பெட்டி வந்தால் நீளத்தைப் பார்த்துத் தாண்டிப் போய்விடலாம். 1998-இல் எம்பெக் குழு தன் எம்பி4 கோப்புக்கு இந்த அமைப்பையே அடித்தளமாக எடுத்துக்கொண்டது. 3ஜிபியும் அதே வயிற்றுப் பிள்ளை. பல 3ஜிபி கோப்புகளின் பெயரை .எம்பி4 என்று மாற்றினாலே ஓடிவிடுவது அதனால்தான். அண்ணன் சட்டை தம்பிக்குப் பொருந்துகிறது.

அந்தப் பெட்டிகளில் மூவ் என்று ஒன்று உண்டு. எந்தப் படம் கோப்பில் எந்த இடத்தில் இருக்கிறது என்ற அட்டவணை அதில் இருக்கும். படம் பிடிக்கும்போது செல்போன் முதலில் படத்தை எழுதிக்கொண்டே போகும், பிடித்து முடித்த பிறகே அட்டவணையை எழுதும். நடுவில் பேட்டரி தீர்ந்துவிட்டால் படம் அத்தனையும் கார்டில் கிடக்கும், ஆனால் ஓடாது. என் தங்கை மகளின் காதுகுத்து இப்படித்தான் போனது. அப்போது கார்டு கெட்டுவிட்டது என்றே நினைத்தோம்.

ஏஎம்ஆர் பற்றி எழுத எனக்கு ஆசை அதிகம். அது ஒலியைச் சுருக்கவில்லை, தொண்டையைச் சுருக்குகிறது. குரல்வளை அதிர்ந்து, அந்த அதிர்வு வாயும் மூக்கும் சேர்ந்த குழாயில் வடிவம் பெற்றுப் பேச்சாகிறது அல்லவா? ஒவ்வொரு 20 மில்லிவினாடிக்கும் அந்தக் குழாய் என்ன வடிவில் இருந்தது, அதிர்வு எப்படி இருந்தது என்று மட்டும் அது எழுதிவைக்கும். கேட்கும் முனையில் அந்தக் குறிப்பைக் கொண்டு ஒரு தொண்டையை மறுபடி உண்டாக்கும். ஆக உயர்ந்த தரத்தில் வினாடிக்கு 12.2 கிலோபிட்; 20 மில்லிவினாடிப் பேச்சுக்கு 244 பிட். மனிதக் குரலுக்கு இது அபாரமான வேலை. ஆனால் நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் மனிதத் தொண்டை கிடையாது. அவற்றையும் இது தொண்டையாகவே நினைத்து எழுதும். போதாததற்கு வினாடிக்கு 8,000 அளவுதான்; 4,000 அதிர்வுக்கு மேலுள்ள எதுவும் உள்ளே வராது. ஜால்ராவின் மினுமினுப்பான ஓசை பெரும்பாலும் அதற்கு மேலேதான் இருக்கிறது.

2001 அக்டோபரில் ஜப்பானில் என்டிடி டொகோமோ ஃபோமா சேவையைத் தொடங்கியபோது முகம் பார்த்துப் பேசும் மூன்றாம் தலைமுறைக் கைபேசி உண்மையாகவே கடைக்கு வந்தது. அதே 64 கிலோபிட், அதே முகம். விதி எழுதியவர்கள் கண்ட கனவு நிறைவேறிவிட்டது. ஆனால் உலகம் 3ஜிபியை அதற்காகப் பயன்படுத்தவில்லை. எம்எம்எஸ் என்ற படச் செய்தி 100 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும் என்பதால் தொடக்க கால நோக்கியாக்கள் பத்து வினாடி அளவில் பதிவை நிறுத்திவிடும். அப்பத்தா ஒன்பது வினாடியோடு நின்றது அதனால்தான். 2003-இல் வந்த நோக்கியா 6600-இன் திரை அகலம் 176 புள்ளி. க்யூசிஐஎஃப் படம் விளிம்புக்கு விளிம்பு உட்கார்ந்தது.

நம் ஊரில் அந்தத் திரைக்குள் முகம் வரவில்லை, சினிமாப் பாட்டு வந்தது.

சிவகங்கை பேருந்து நிலையத்தை ஒட்டி ஒரு செல்போன் கடை. ரீசார்ஜ் கூப்பன், கவர், சார்ஜர் எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு கம்ப்யூட்டர். சாயங்காலமானால் அதைச் சுற்றிக் கூட்டம். "அண்ணே, பாட்டு ஏத்தணும்" என்று கார்டைக் கழற்றி நீட்டினால் அவர் கேட்கும் முதல் கேள்வி, "எந்த செட்டுப்பா?" செட்டைப் பார்த்தே எந்த அளவில் ஏற்ற வேண்டும் என்று முடிவு செய்வார். நோக்கியாவுக்கு ஒன்று, சைனா செட்டுக்கு ஒன்று. எழுதிவைத்த அட்டவணை எதுவும் அவரிடம் கிடையாது.

அவரிடம் இருந்த பாட்டுகள் பெரும்பாலும் விசிடியிலிருந்து வந்தவை. நம் நாட்டு விசிடியின் படம் 352-க்கு 288. ஓகுபோவின் குழு வகுத்த அதே அளவு! அதைக் கால்பங்காக்கினால் 176-க்கு 144. எங்கோ இரு கண்டங்கள் செய்துகொண்ட சமரசத்தின் முழுப்பங்கு வட்டிலும் கால்பங்கு கார்டிலுமாக அந்தக் கடை மேசையில் அடுத்தடுத்து இருந்திருக்கின்றன. விசிடியில் ஐந்து நிமிடப் பாட்டு ஏறத்தாழ 50 மெகாபைட். 3ஜிபியில் 3 மெகாபைட்டுக்குள் வந்துவிடும். 32 மெகாபைட் கார்டில் பத்துப் பாட்டு. பக்கத்துத் தெருப் பையன்கள் பத்தில் எதை எடுத்து எதைப் போடுவது என்று அரைமணி நேரம் பேசுவார்கள்.

ஆனால் எந்தப் பாட்டு? அகல வெண்திரைக்கு எடுத்தது. அந்த விகிதத்தைக் குலைக்காமல் 144 வரிக்குள் வைத்தால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை போக, படத்துக்கு மிஞ்சுவது 82 வரி அளவுதான். பட்டை வேண்டாம் என்று இழுத்து நிரப்பினால் கதாநாயகனின் முகம் புடலங்காயாக நீளும். நடனமோ இரண்டு வினாடிக்கு ஒரு வெட்டு. ஒவ்வொரு வெட்டிலும் போன படத்தை நம்பிச் சேமித்ததெல்லாம் வீண். 99 சதுரத்தையும் புதிதாக அனுப்ப வேண்டும். 64 கிலோபிட்டில் அதற்கு இடம் ஏது? அகியோவையும் மேஸ்திரியையும் பார்த்துத் தேறிய முறையிடம் நாம் நாற்பது பேர் ஆடும் நடனத்தைக் கொடுத்தோம். அது கட்டம் கட்டமாக உடைந்ததில் வியப்பில்லை. அப்படியும் நாங்கள் பார்த்தோம், தலையோடு தலை முட்டி, நாலு பேர் ஒரு திரையை.

அந்தக் கடைக்காரர் பயன்படுத்தியது வண்ணப் பொத்தான்கள் வைத்த ஏதோ ஒரு கன்வெர்ட்டர். அந்நாளில் இலவசமாகக் கிடைத்த கன்வெர்ட்டர்கள் பலவற்றின் வயிற்றுக்குள்ளும் இருந்தது ஒரே இயந்திரம்: எஃப்எஃப்எம்பெக். பிரெஞ்சு நிரலாளர் ஃபப்ரீஸ் பெலார் 2000-இல் புனைபெயர் வைத்துக்கொண்டு தொடங்கிய திறமூல நிரல் அது. அதில் 176-க்கு 144 என்று எண்ணை அடிக்க வேண்டியதில்லை, க்யூசிஐஎஃப் என்று பெயரைச் சொன்னாலே போதும். எச்.263-க்கு அது ஐந்தே ஐந்து அளவுகளைத்தான் ஏற்கும். ஆறாவது அளவைக் கொடுத்தால் முடியாது என்று சொல்லிவிடும்.

"அண்ணே, படம் வருது, சவுண்டு வரல." அந்தக் கடையில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் இது. காரணம் பெரும்பாலும் உரிமத்தில் இருந்தது. ஏஎம்ஆர் ஒலியை எழுதக் கிடைத்த நிரலை எஃப்எஃப்எம்பெக்கோடு சேர்த்து விநியோகிக்க அதன் உரிமம் இடம் தரவில்லை. அதனால் பலருக்கும் கிடைத்த எஃப்எஃப்எம்பெக்கில் ஏஎம்ஆரே இருக்காது. கூகுள் தன் ஆண்ட்ராய்டைத் திறமூலமாக வெளியிட்டபோது அதற்குள் தடையற்ற உரிமத்தோடு ஒரு ஏஎம்ஆர் நிரல் இருந்தது. 2009-இல் அதைப் பிரித்தெடுத்துத் தனி நூலகமாக்கினார்கள். சவுண்டு வரும் வழி திறந்தது. ஆனால் அதற்குள் எச்.264 என்ற புதிய சுருக்கும் முறையும் ஐஃபோனும் வந்துவிட்டன. 3ஜிபியின் நாள் சாயத் தொடங்கியிருந்தது.

கன்வெர்ட் செய்வது அதோடு நின்றுவிடவில்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போய்விட்டது. 2012-இல் ஆண்ட்ராய்டு 4.1 வந்தபோது, செல்போனின் சிப்புக்குள் இருக்கும் சுருக்கும் இயந்திரத்தை எந்தச் செயலியும் நேரடியாகப் பயன்படுத்த வழி கிடைத்தது. இன்று வாட்ஸாப்பில் ஒரு வீடியோவை அனுப்பும்போது வட்டம் சுற்றுகிறதே, அதில் ஒரு பகுதி அந்தக் கடைக்காரரின் வேலைதான். அவர் எந்த செட்டு என்று கேட்டார், இது கேட்பதில்லை.

அப்பத்தாவின் கோப்பைத் தங்கைக்கு அனுப்ப நினைத்தபோது அதனால்தான் தயங்கினேன். ஏற்கெனவே எழுபதில் ஒன்றாக வற்றியதை இன்னொரு முறை சுருக்கினால் இருக்கிற கொஞ்சமும் கரையும். எனவே கோப்பை வீடியோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்பினேன். அப்படி அனுப்பினால் ஒரு பைட்கூட மாறாது. அவள் செல்போனில் கேலரி திறக்க மறுத்தது. விஎல்சி செயலியை இறக்கிக்கொள்ளச் சொன்னேன். மூலக் கோப்பை இரண்டு இடத்தில் நகலெடுத்து வைத்துவிட்டேன். பெரிதாக்கவோ மெருகூட்டவோ இல்லை.

கொஞ்ச நேரத்தில் அவள் கூப்பிட்டாள். பேசவில்லை. பின்னணியில் அந்த ஒன்பது வினாடி ஓடிக்கொண்டிருந்தது. கேமராவின் பக்கம் குனிந்து, வெற்றிலை அடக்கிய வாயோடு அப்பத்தா கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏய்யா, இதுக்குள்ள நான் தெரியுறனா?"